கறுப்புக் காய்க்காரி

காரகோல் நகரத்துப் பேருந்து நிலையத்தில் மினிபஸ் ஓட்டுகிற ஒரே பெண் புருல். வயது நாற்பத்தொன்று. குடித்துவிட்டு வந்த புருஷனை ஒருநாள் வண்டியில் ஏற்றி, அவன் அம்மா வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, அப்படியே அடுத்த நடைக்குப் போய்விட்டாள் என்று நிலையத்தில் சொல்வார்கள். கொஞ்சம் மிகைதான். இறக்கிவிட்டது உண்மை, அன்றைக்கு அடுத்த நடை இல்லை.

புருல் என்றால் எங்கள் மொழியில் ‘திரும்பு’ என்று அர்த்தம். மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்த ஆத்திரத்தில் அவள் அப்பா வைத்த பெயர்: பெண்கள் போதும், இனி ஆண்பிள்ளைப் பக்கம் திரும்பு. தமிழ் ஊர்களில் போதும்பொண்ணு என்று வைப்பார்களே, அதே கணக்கு. கடவுள் அதைக் காதில் வாங்கவில்லை. இன்னும் இரண்டு பெண்களை அனுப்பிவிட்டு, ஆற அமரத்தான் எமிலை அனுப்பினார். ஆனாலும் அந்தப் பெருமை புருலுக்கே வந்து சேர்ந்தது. “ராசியான பேருடி உனக்கு, தம்பியைக் கூட்டிட்டு வந்துட்டே” என்று ஊரே மெச்சும். அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும். மற்றவர்கள் ஆளாகப் பிறந்திருக்க, தான் மட்டும் தம்பி வரும் திசையைக் காட்டும் கைகாட்டி மரமாகப் பிறந்திருக்கிறோம் என்று தோன்றும்.

அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா முழங்கால் வலியோடு தலைநகரத்தில் மூத்த அக்கா வீட்டில் இருக்கிறாள். காரகோல் வீட்டில் இருப்பது புருல், தம்பி எமில், அவன் மனைவி ஜிபெக், அவர்களுடைய பெண்கள். சென்ற வசந்தத்தில் ஜிபெக்குக்கு மூன்றாவதும் பெண் பிறந்தது. புருல் மகிழ்ச்சி தாங்காமல் நிலையத்தில் நின்ற எல்லா வண்டிகளின் ஹார்னையும் ஒவ்வொன்றாக அடித்துவிட்டு வந்தாள்.

பிள்ளை பிறந்த விருந்துக்கு ஜிபெக்கின் அப்பா ஓமுர்சாக் வந்தார். மலைக்கு அப்பால் நரின் பக்கத்துக் கால்நடை வைத்தியர்; அறுபத்து மூன்று வயது, ஆட்டுக்கிடா மாதிரி கழுத்து, ஊரையே எழுப்பும் சிரிப்பு. எங்களில் பெண் கொடுத்த வீட்டுக்கும் எடுத்த வீட்டுக்கும் எல்லாருமே சம்பந்திகள்தான், சம்பந்திகளுக்குள் கேலிக்கு வரம்பு கிடையாது. எமில் நல்ல பையன், ஆனால் வாய்க்குப் பூட்டு இல்லை. மாமனாரின் முன்னால் பெரிய விருந்தாளிக்கான ஆட்டுத்தலையை வைத்த கையோடு சொல்லிவிட்டான்.

“மாமா, பாப்பாவுக்குப் பேரு நீங்களே வையுங்க.”

“வச்சாச்சுப்பா. மலை ஏறி இறங்கும்போதே யோசிச்சு வச்சுட்டேன். உல்போல்சுன்! அடுத்தது பையனாகட்டும்!”

கூடியிருந்தவர்கள் கையால் முகத்தைத் தடவி ஆமீன் சொன்னார்கள். ஜிபெக் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். புருல் மட்டும் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“அந்தப் பேரு வேண்டாம் சம்பந்தி.”

“ஏன் வேண்டாம்? உங்க பேரு வேலை செஞ்சுதே! இதோ அத்தாட்சி, போர்சோக்கை மொக்கிட்டு உக்காந்திருக்கு பாருங்க!”

பொரித்த மாவுருண்டை வாய் நிறைய இருக்க எமில் தலையாட்டினான். கூடம் குலுங்கிச் சிரித்தது. புருலுக்குக் காது சுட்டது.

“நாப்பத்தொரு வருஷமா இந்தப் பேரைச் சுமக்கறவ நான். வேண்டாம்னா வேண்டாம்.”

“அப்படியா? சரி, சதுரங்கத்துல என்னை ஜெயிச்சுட்டு, நீங்களே ஒரு பேரு வச்சுக்குங்க.”

அவர் கேலிக்குத்தான் சொன்னார். புருல் எழுந்துபோய்ப் பலகையைக் கொண்டுவந்து வைத்துவிட்டாள்.

இங்கே ஒரு சங்கதி. எங்கள் வீடுகளில் விருந்தாளிக்குத்தான் வெள்ளைக் காய். ஓமுர்சாக்கோ மாட்டுக்கும் குதிரைக்கும் ஊசி போட ஊர் ஊராய்ப் போகிறவர், போன இடமெல்லாம் விருந்தாளி. முப்பது வருஷத்தில் அவர் கை கறுப்புக் காயைத் தொட்டது, அதை வெட்டி எடுக்கும்போது மட்டும்தான். எமில் அக்காவின் காதில் கிசுகிசுத்தான். “ரெண்டு கையிலயும் ஒவ்வொரு சிப்பாயை ஒளிச்சு வச்சு எடுக்கச் சொல்லலாமேக்கா?”

“வீட்டுக்கு வந்தவருக்குக் கறுப்பைக் கொடுக்கறதா? செத்துப்போன அப்பா எந்திரிச்சு வந்துடுவாரு. போடா.”

புருலுக்குப் பயமில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க, வண்டி நிரம்பக் காத்திருந்த நேரத்தில், கைபேசியைப் பார்த்துக் காரோ-கான் என்ற தற்காப்பைப் படித்திருந்தாள். கறுப்புக்கென்றே ஆனது, பதின்மூன்று நகர்த்தல்கள், அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். வெள்ளை ராஜாவின் சிப்பாய் இரண்டு கட்டம் வந்ததும் இவள் பக்கவாட்டுச் சிப்பாயை ஒரு கட்டம் வைத்தாள். அவர் அடுத்த சிப்பாய், இவள் அடுத்த சிப்பாய். அவர் குதிரை, இவள் வெட்டு, அவர் பதில் வெட்டு. நாலாவதாக இவள் குதிரை. எல்லாம் பாடத்தில் உள்ளபடியே வந்தது. புருலுக்குச் சிரிப்புக்கூட வந்துவிட்டது.

ஐந்தாவதாக அவர் ராணியை எடுத்துத் தன் ராஜாவின் முன்னால் ஒரு கட்டம் நகர்த்தி வைத்தார். இது பாடத்தில் இல்லை. இல்லாவிட்டால் என்ன, ஐந்தாவது தன் பாடம் இரண்டாவது குதிரை என்று புருல் டக்கென்று குதிரையை எடுத்து வைத்தாள்.

“செக்” என்றார் ஓமுர்சாக். அவருடைய குதிரை புருலின் ராஜா பக்கத்தில் வந்து குதித்தது. ராஜாவைச் சுற்றிலும் அவளுடைய ஆட்களே நெருக்கியடித்து நின்றார்கள், ஓடப் போக்கிடம் இல்லை. அந்தக் குதிரையை வெட்டக்கூடிய சிப்பாய் ஒன்று இருந்தது. ஆனால் அது விலகினால் எதிரே அந்த ராணி. ஆறாவது நகர்த்தலில் கதை முடிந்தது.

“தேநீர்கூட ஆறலையே சம்பந்தியம்மா!” என்று சொல்லி, தோற்ற சம்பந்திக்கான மரியாதையாக ஒரு கைப்பிடி மாவை அள்ளி அவள் முகத்தில் பூசிவிட்டார். கூட்டம் விசிலடித்தது. மாவு பூசிய முகத்தோடு புருல் விருந்து விரிப்பின் ஓரத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“விரிப்பு இன்னும் எடுக்கலை. எடுக்கறதுக்குள்ள சம்பந்தி ஒண்ணு கேட்டா இல்லைன்னு சொல்லக் கூடாது.”

“கேளுங்க, கேளுங்க.”

“நீங்க தொட்டில் கொண்டுவர்ற அன்னிக்கு இன்னொரு ஆட்டம். அதுவரைக்கும் அவ வெறும் பாப்பா.”

“அவ்வளவுதானே? தொட்டிலோட உங்களுக்கு ஒரு மூட்டை மாவும் கொண்டுவரேன்!”

தாய்வீட்டார் தொட்டில் கொண்டுவரும் விருந்துக்கு மூன்று வாரம் இருந்தது. மறுநாள் காலை புருல் நேராகப் போனது ஸுக்ராவிடம். நிலையத்து வாசலில் அஷ்லியான்ஃபூ விற்கிற துங்கான் இனத்துப் பெண். புளிப்பும் காரமுமாகக் குளிர்ந்த சேமியா, ஒரு கிண்ணம் குடித்தால் செத்த டிரைவரும் எழுந்து வண்டி எடுப்பான். ஸுக்ராவும் புருலும் பள்ளியில் ஒரே பெஞ்சு. ஸுக்ரா பள்ளி சதுரங்க அணியில் இருந்தவள், அதை வாரம் ஒருமுறை சொல்லாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு மிளகாய் அரைத்த கையோடு இடுப்பில் கை வைத்து நின்றாள் ஸுக்ரா.

“ஏன்டி, பாடத்தை மனப்பாடம் பண்ணது நீ. அவரு பண்ணாரா?”

“இல்லை.”

“அப்புறம் அவரு எப்படிடி உன் பாடப்படி ஆடுவாரு?”

“அஞ்சாவதுல யாராவது ராணியைக் கொண்டுவந்து ராஜா மூக்குக்கு முன்னாடி வைப்பாங்களா? தப்பான ஆட்டம்டி அது!”

“தப்பான ஆட்டத்துல தோத்தவளுக்குப் பேச்சப் பாரு. ரோட்டுல மாடு வந்தா என்ன பண்ணுவே? ‘இந்த மாடு என் கால அட்டவணையில இல்லை’ன்னு ஏத்திட்டுப் போவியா?”

புருல் தன் வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். அவள் வழித்தடத்தில் ஒரு நாளைக்கு முப்பது மாடு வரும், எல்லாவற்றுக்கும் பிரேக் அடித்துத்தான் போகிறாள். பலகை முன்னால் உட்கார்ந்தால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ஆக்சிலேட்டரை மிதித்திருக்கிறாள்.

“இனிமே ரெண்டே கேள்வி” என்றாள் ஸுக்ரா. “எதிராளி காயை வச்சதும் கையைத் தொடைக்கு அடியில வச்சுக்கோ. முதல்ல, இது என்ன கேட்குது? அப்புறம், இது எதை விட்டுட்டு வந்திருக்கு? ரெண்டுக்கும் பதில் சொன்னப்புறம்தான் கை வெளியில வரணும்.”

அதற்குப் பிறகு மூன்று வாரம் நிலையத்தில் ஒரே கூத்து. சேமியாப் பானைக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட பெட்டி மேல் பலகை. ஸுக்ரா வெள்ளையில் உட்கார்ந்துகொண்டு வாய்க்கு வந்தபடி ஆடினாள். முதல் நகர்த்தலிலேயே ஓரத்து யானைச் சிப்பாயைத் தள்ளினாள். ராணியைப் பலகையின் மறுகோடிக்கு ஓட்டினாள். குதிரையை வெளியே எடுத்து, அடுத்த நகர்த்தலில் பழையபடி கொட்டடியில் கட்டினாள்.

“இப்படி யாருடி ஆடுவா?” என்று புருல் கத்துவாள்.

“உன் சம்பந்தி ஆடுவாரு. கையை உள்ள வை!”

பயணிகளுக்கும் பைத்தியம் தொற்றியது. பதினாறு சீட்டு நிரம்பியும் யாரும் வண்டியை எடுக்கச் சொல்லவில்லை. இறங்கி வந்து பெட்டியைச் சுற்றி நின்றுகொண்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் பல் பிடுங்கப் போக வேண்டிய ஒருவர், “அது எதை விட்டுட்டு வந்துச்சுன்னு பாரும்மா!” என்று வீங்கிய கன்னத்தோடு இரண்டு மணி நேரம் நின்றார். புருலுக்கோ அந்த இரண்டு கேள்வியும் நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டன. போக்குவரத்துக் காவலர் வழக்கத்துக்கு மாறாகச் சிரித்துக்கொண்டே வணக்கம் வைத்தபோது, கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, “இது என்ன கேட்குது?” என்று அவர் முகத்துக்கு நேரேயே கேட்டுவிட்டாள். அவர் பயந்துபோய் வண்டியைப் போகச் சொல்லிவிட்டார். முதல் வாரம் ஸுக்ராவிடம் எல்லா ஆட்டமும் தோல்வி. இரண்டாம் வாரம் பாதி. மூன்றாம் வாரக் கடைசியில் ஸுக்ரா பலகையைப் பார்த்துவிட்டு, அரைக் கரண்டி மிளகாயைத் தன் கிண்ணத்திலேயே கொட்டிக் குடித்தாள். அது அவள் தோற்றதன் அடையாளம்.

தொட்டில் விருந்தன்று காலையிலேயே ஓமுர்சாக்கின் பழைய ஜீப் வந்து நின்றது. கூரை மேல் சிவப்பும் நீலமுமாகத் தொட்டில். அதன் பக்கத்தில், சொன்ன சொல் தவறாமல், ஒரு மூட்டை மாவு.

“முகத்தைக் கழுவிட்டீங்களா சம்பந்தியம்மா?” என்றபடி இறங்கினார். “பாவம், இன்னிக்கும் கழுவ வேண்டியிருக்கும்.”

“வாங்க சம்பந்தி. உள்ள வந்து தோத்துட்டுப் போங்க.”

நாற்பது பேர் கூடத்தில் நெருக்கி உட்கார்ந்தார்கள். ஸுக்ரா ஒரு பானையோடு வந்து கதவருகில் இடம் பிடித்தாள். ஓமுர்சாக் வெள்ளைச் சிப்பாயை இரண்டு கட்டம் வைத்தார். புருல் தன் பக்கவாட்டுச் சிப்பாயை ஒரு கட்டம் வைத்தாள். இரண்டாவது நகர்த்தலிலேயே அவர் ராணியை எடுத்து ராஜாவின் முன்னால் வைத்துவிட்டு மீசையைத் தடவினார்.

“போன தடவை அஞ்சாவதுல வந்தா. இந்தத் தடவை உங்களைப் பாக்க அவசரப்படறா!”

சிரிப்பு எழுந்தது. புருல் பலகை மேல் குனிந்தாள். அதே ராணி, அதே இடம். அந்த மாவின் வாசனைகூட மூக்கில் ஏறியது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் திணித்துக்கொண்டாள். இது என்ன கேட்குது? போன தடவை குதிரை பக்கத்தில் இருந்தது, இப்போது வெள்ளைக் குதிரைகள் இரண்டும் வீட்டிலேயே இருக்கின்றன. ஆகவே ஒன்றும் கேட்கவில்லை, சும்மா மிரட்டுகிறது. எதை விட்டுட்டு வந்திருக்கு? வேறெதையும் விடவில்லை, ஆனால் தன் பக்கத்து மந்திரி வெளியே வரும் வாசலையே அடைத்துக்கொண்டு நிற்கிறது.

அப்பாடா என்றிருந்தது. நடுவில் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினாள். அது பாடத்தில் இருந்த நகர்த்தல்தான், ஆனால் இன்றைக்கு அது பாடத்திலிருந்து வரவில்லை. அவர் அதை வெட்டினார், இவள் பதிலுக்கு வெட்டினாள். ராணி எகிறிப் போய்ப் பக்கவாட்டில் நின்று செக் சொன்னது.

“செக்!” என்று நாற்பது பேரும் சேர்ந்து கத்தினார்கள்.

புருலின் குதிரை நிதானமாக வந்து குறுக்கே நின்றது. அவர் ஒரு குதிரையை வெளியே எடுத்தார், இவள் மந்திரியை எடுத்தாள். அப்போது அவள் பக்கத்து ஓரத்தில் ஒரு சிப்பாய் காவலின்றி நின்றதை ஓமுர்சாக் பார்த்துவிட்டார். அவருக்கு இலவசமாகக் கிடைத்ததை விடும் பழக்கம் இல்லை. ராணியால் அதைத் தின்றார்.

“பசிச்சிருந்தா சொல்லியிருக்கலாமே சம்பந்தி, ஆட்டுக்கறி வெந்துட்டிருக்கு” என்றாள் புருல். யானையை ராணிக்கு எதிரே வைத்தாள். ராணி ஓடுவதற்கு இருந்தது ஒரே ஒரு கட்டம், அங்கே ஓடியது. இது எதை விட்டுட்டு வந்திருக்கு? புருல் பார்த்தாள். வீட்டையே விட்டுட்டு வந்திருக்கு! வெள்ளை ராஜா பக்கத்தில் காவலுக்கு ஒருவரும் இல்லை.

அவளுடைய குதிரை துள்ளி முன்னால் போய் ராணியை முறைத்தது. ராணி இன்னொரு சிப்பாயைத் தின்றபடி தப்பித்தது. குதிரை மறுபடி துள்ளியது, நேரே வெள்ளை முகாமுக்குள்.

“செக்” என்றாள் புருல். குரல் கீச்சென்று வந்தது. ஒரே குதிரை ஒரு பக்கம் ராஜாவையும் மறுபக்கம் யானையையும் பிடித்துக்கொண்டு நின்றது. ராஜா விலகியாக வேண்டும், யானை போயாக வேண்டும். ஸுக்ரா கரண்டியால் பானையை அடித்தாள். பல் பிடுங்க வேண்டியவர் எங்கிருந்தோ “அப்படிப் போடு!” என்று கத்தினார், அவரை யார் அழைத்தார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை.

ஓமுர்சாக் லேசில் விடுகிற ஆள் இல்லை. வியர்த்து விறுவிறுத்து இன்னும் இருபத்து மூன்று நகர்த்தல் இழுத்தார். கடைசியில் தன் ராஜாவைப் படுக்க வைத்துவிட்டு, எழுந்து, மாவு மூட்டையைத் தானே பிரித்து, தலையை உள்ளே விட்டு எடுத்தார். கூடம் சிரித்துச் சிரித்துச் சுருண்டது. புருல் பக்கத்திலிருந்தவர்களையெல்லாம் கட்டிப்பிடித்தாள், கட்டிப்பிடிக்க ஆள் தீர்ந்ததும் பானையைக் கட்டிப்பிடித்தாள்.

“சரி சம்பந்தியம்மா” என்றார் ஓமுர்சாக், புருவமெல்லாம் வெள்ளையாக. “ஜெயிச்சீங்க. பேரைச் சொல்லுங்க, பாப்பா காதுல ஓதறேன்.”

புருல் வாயைத் திறந்தாள். ஓரத்துச் சிப்பாய்க்குப் பதில் தெரியும், ராணிக்குப் பதில் தெரியும், வரக்கூடிய எல்லாக் கிறுக்குத்தனத்துக்கும் பதில் தெரியும். மூன்று வாரத்தில் ஒரு பெயரை மட்டும் அவள் யோசிக்கவே இல்லை.

கை பழக்கத்தில் தொடைக்கு அடியில் போனது. நாற்பது முகங்களும் அவளையே பார்த்தன. தேநீர்க் கெண்டியோடு நின்ற ஜிபெக் மட்டும் பார்க்கவில்லை. அவள் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வாரமாகத் தன் பிள்ளையை வைத்து மற்றவர்கள் ஆடிய ஆட்டத்துக்கு அவள் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள் என்பது புருலுக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

“ஜிபெக், நீ என்னம்மா நினைச்சு வச்சிருக்கே?”

“என்னையாக்கா கேக்குறீங்க?”

“உன்னைத்தான். பெத்தவ நீதானே.”

ஜிபெக் கெண்டியைக் கீழே வைத்தாள். “கெரமெத்” என்றாள், அற்புதம் என்று அர்த்தம் வரும் பெயரை. “வயித்துல இருக்கும்போதே அப்படித்தான் கூப்பிடுவேன். யாரும் கேக்கலை, நானும் சொல்லலை.”

ஓமுர்சாக் மகளை ஒரு நிமிஷம் பார்த்தார். அவருக்கும் ஏதோ உறைத்திருக்க வேண்டும், கேலி எதுவும் வரவில்லை. குழந்தையை வாங்கி, மாவு படிந்த தாடி குத்தாமல் தள்ளிப் பிடித்து, தொழுகை அழைப்பை ஓதி, மூன்று முறை காதில் சொன்னார். “உன் பேரு கெரமெத். உன் பேரு கெரமெத். உன் பேரு கெரமெத்.” உடனே, “மாவு தொண்டையில போயிடுச்சு” என்று இருமினார்.

கறி பரிமாறத் தொடங்கியதும் புருல் வெளியே வந்து வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தாள். கைபேசியில் அம்மாவைக் கூப்பிட்டாள்.

“ஜெயிச்சியாடி?” என்றாள் அம்மா.

“ஜெயிச்சேன். அம்மா, ஒண்ணு கேக்கணும். நான் பிறந்தப்போ, அப்பா பேரு வைக்கறதுக்கு முன்னாடி, நீ எனக்கு என்ன பேரு நினைச்சு வச்சிருந்தே?”

மறந்திருப்பாள் என்றுதான் புருல் எண்ணினாள். ஐந்து பெண், ஒரு பையன், நாற்பத்தொரு வருஷம்.

“மைராம்” என்றாள் அம்மா. மூச்சு விடும் நேரம்கூட எடுக்கவில்லை. “திருநாளாட்டம் இருந்தே. அதான் மைராம்னு வச்சிருந்தேன். ஏன், எதுக்குடி இப்போ?”

“சும்மாதான். ஒரு தடவை கூப்பிடேன்.”

அம்மா கூப்பிட்டாள்.